கதியால் நகர்த்துற கையும் வர்த்தமானி எழுதுற கையும்

மரபுரிமை எண்டு சொன்னால் எங்கட ஆக்களுக்கு உடன ஞாபகம் வாறது மந்திரிமனை, சங்கிலியன் தோரணவாசல், யாழ்ப்பாணக் கோட்டை. ராசா இருந்த இடம், வெள்ளைக்காரன் கட்டின இடம். அதுகளுக்காகக் கவலைப்பட ஆக்கள் இருக்கினம். நான் கவலைப்படச் சொல்லிக் கேட்கிறது வேற ஒண்டுக்காக. அரியாலையில் ரெண்டு காணிக்கு நடுவில் நிற்கிற கிழட்டுப் பூவரசு. வேலி மூலையில் பாதி புதைஞ்சு கிடக்கிற கல்லு. ஒருத்தரும் படம் எடுக்காத எல்லைப் பனை.

இவை அழகுக்கு நிற்பவை அல்ல. இவை ஆவணங்கள். கையெழுத்து இல்லாத, முத்திரை இல்லாத, ஆனால் நீதிமன்றத்தில் செல்லுபடியாகக்கூடிய ஆவணங்கள். அவற்றை நாங்களே மதில் கட்டுவதற்காக அழித்துக்கொண்டிருக்கிறோம். அதுவும், "உன்ர காணி எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்று அரசு கேட்கிற காலத்தில்.

வீட்டில் பழைய உறுதி ஏதாவது இருந்தால் எடுத்துக் கடைசிப் பக்கத்தை வாசியுங்கோ. கோயிற்பற்றின் பெயர் இருக்கும். காணிக்கு ஒரு பெயர் இருக்கும். புலம், வளவு, கலட்டி, தோட்டம் என்று முடிகிற பெயர். பிறகு பரப்பளவு, லாச்சத்திலும் குழியிலும். அதற்குப் பிறகு நாலு எல்லை: கிழக்கும் வடக்கும் இன்னாரின் பிள்ளைகள், மேற்கு ஒழுங்கை, தெற்கு இன்னாரின் மனைவி. கடைசியாக, இதற்குள் அடங்கிய பனை, வடலி, பயன்மரம், கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் பாத்தியதை.

இப்ப யோசியுங்கோ. அந்த 'இன்னார்' செத்து அறுபது வருசம். அவரின் பிள்ளைகள் சீதனமாகவும் பங்காகவும் பிரித்து, அதில் பாதி விற்றுப்போய், மிச்சப் பாதிக்காரர் கனடாவில். லாச்சம் என்பதும் எவ்வளவு விதை விதைக்கலாம் என்ற கணக்கிலிருந்து வந்த அளவு. வரகுக் கல்ச்சர் என்றால் 16 லாச்சம் ஒரு ஏக்கர், நெற் கல்ச்சர் என்றால் 24. உறுதியில் இருக்கிற கணக்கும் தரையில் இருக்கிற கணக்கும் ஒத்துவராதது இங்கே சாதாரணம். ஒத்துவராத இடத்தில் பொதுவாகச் சட்டம் எதைப் பார்க்கும்? தெளிவான எல்லை இருந்தால், எழுதின பரப்பளவு வழிவிட வேண்டியதுதான். ஆனால் அந்த எல்லை தரையில் இருக்கவேணும். கடதாசியில் இருக்கிறது செத்த ஆக்களின் பெயர். தரையில் இருக்கிறது மரமும் கல்லும்.

"இப்பத்தான் ஜிபிஎஸ் இருக்கே" என்று கேட்கிறவைக்கு ஒரு கணக்கு. ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். சதுரமான காணி என்றால் ஒரு பக்கம் ஏறக்குறைய 52 அடி. உங்கட போனில் உள்ள ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே 3 முதல் 5 மீற்றர் வரை பிசகும், அதாவது 10 அடிக்கு மேல். ஐந்தில் ஒரு பங்கு காணி அந்தப் பிசகுக்குள்ளேயே போய்விடும். "நாங்கள் போனால அளக்கேல்ல, சேவையரிட்ட நல்ல கருவி இருக்கு" என்பீர்கள். உண்மை, அவர்களின் கருவி சென்ரிமீற்றர் வரை அளக்கும். ஆனால் அது அளப்பது இன்று எங்கே என்ன இருக்கு என்பதை. 1930இல் எல்லை எங்கே இருந்தது என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. சங்கிலி பிடித்து அளந்த பழைய தனியார் வரைபடங்களில் நாட்டின் ஆள்கூற்று எண்கள் இருக்காது. மூலைக்கு மூலை தூரமும் திசையும்தான் இருக்கும். அந்தப் படத்தைப் புது அளவையின் மேல் பொருத்த வேண்டுமென்றால், அன்றும் இன்றும் அசையாமல் நிற்கிற இரண்டு மூன்று புள்ளிகள் வேணும். ஒரு கிணறு, பழைய வீட்டின் ஒரு மூலை, ஒரு கல்லு, ஒரு மரம். அவை இல்லையென்றால் பழைய வரைபடம் வெறும் கோட்டுப்படம். எந்தப் பக்கமும் திருப்பி வைக்கலாம்.

பிரிவினை வழக்குகளில் நீதிமன்றம் அனுப்பும் நில அளவையாளர் மரங்களையும் வேலியையும் கிணற்றையும் குறித்துக்கொண்டு போவதும், மரத்தின் வயதை மதிப்பிட்டு எழுதுவதும் சும்மா இல்லை. 10 வருட ஆட்சி என்ற வாதம் வரும்போது, வேலியில் நிற்கிற பூவரசின் தடிப்பு பல சாட்சிகளைவிடத் தெளிவாகப் பேசும். சாட்சிக்காரன் கூண்டில் ஏறிப் பொய் சொல்லலாம். முப்பது வருட மரம் பத்து வருட மரமாக நடிக்காது.

இது எங்கட ஊர்க் கண்டுபிடிப்பும் இல்லை. கடலுக்கு அந்தப்பக்கம் நாகபட்டினத்து விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோது, ஒரு பெண்யானையை நடத்தி எல்லை சுற்றினார்கள், கல்லும் கள்ளியும் நட்டார்கள். செப்பேட்டில் அது எழுதப்பட்டிருக்கிறது. எழுதினது மட்டும் போதாது, மண்ணிலும் நடவேணும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1785ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவில் நிலம் அளந்தவர்கள், மூலைக்கு அருகில் நின்ற மரங்களைச் செதுக்கி அடையாளமிட்டு, இனம், பருமன், தூரம் என்று குறிப்பெடுத்தார்கள். அவற்றுக்குப் பெயரே 'சாட்சி மரம்'. இன்றைக்கு அங்குள்ள சூழலியலாளர்கள் அந்தக் குறிப்புகளை வைத்து, குடியேற்றத்துக்கு முன் காடு எப்படி இருந்தது என்று மீட்டெடுக்கிறார்கள். எங்கட ஊர்ப் பெயர்களும் அப்படியான குறிப்புகள்தான். புங்கன்குளம், நாவலடி, நாவற்குழி. பெயர் நிற்குது. மரம்?

இனி அரசியலுக்கு வருவம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால் போனபோது, எல்லாரும் உறுதியைக் கையில் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனவைக்கும் பிறகு எத்தனை இடப்பெயர்வு, எத்தனை மழை, எத்தனை பங்கர். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பனை பல காவலரணுக்குத் தறிபட்டுப் போய்விட்டது. கிழக்கு அரியாலைப் பக்கம் பல வருடம் போக ஏலாமல் கிடந்தது. அப்படி வந்த சனம் தங்கட காணியை எதை வைத்து அடையாளம் கண்டது? "இந்தக் கிணறு, அந்த வேம்பு, இதிலயிருந்து நேரா அந்தப் பனை." கடதாசி போன இடத்தில் மரமும் கல்லும்தான் உறுதியாக நின்றது.

முப்பது வருடம் கழித்து, 2025 மார்ச் 28 அன்று, 2430ஆம் இலக்க வர்த்தமானி வந்தது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,941 ஏக்கர், அதில் யாழ் மாவட்டத்தில் மட்டும் 3,669 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. உறுதி தொலைத்தவர், உறுதிக்காரர் காணாமல் போனவர், வெளிநாட்டில் இருப்பவர், எல்லாருக்கும் மூன்று மாதம். எதிர்ப்புக் கிளம்பியது, வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது, அரசாங்கம் பின்வாங்கியது. ஆனால் அந்தக் கேள்வி பின்வாங்கவில்லை. அது திரும்ப வரும், வேறு சட்டத்தின் பெயரில், வேறு இலக்கத்தில்.

கவனியுங்கோ, அரசுக்கு எல்லைக்கல்லின் அருமை நல்லாத் தெரியும். வன்னியில் வனவளத் திணைக்களத்தின் கல்லு சனத்தின் வயலுக்குள் முளைத்த கதைகளை வாசித்திருப்பீர்கள். குருந்தூர்மலையில் தொல்லியல் திணைக்களத்தின் கற்களைச் சுற்றி எவ்வளவு பிரச்சினை. அவர்கள் முதலில் கல்லு நடுகிறார்கள், பிறகுதான் வாதம். அரச அதிகாரி நட்ட எல்லைக்கல்லைப் பிடுங்கினால் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். உங்கட கொப்பாட்டன் நட்ட கல்லை நீங்களே பிடுங்கினால், மதில் மேசனுக்கு ஒரு நாள் கூலி. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக, வர்த்தமானிக்கு எதிராகப் பதாகை பிடிக்கிற அதே கைதான் வேலியில் கதியாலை ஒரு சாண் தள்ளிப் போடுது. இதைச் சொல்லாமல் விட ஏலாது. 52 அடி நீள வேலியில் ஒரு சாண் என்றால் 39 சதுர அடி. அதுக்காகப் பரம்பரையாகப் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் எங்கட ஊர்களில் எத்தனை? முந்தியெல்லாம் கிளுவையையும் பூவரசையும் தள்ளினால் ரெண்டு பக்கமும் தெரியும், ஊருக்கும் தெரியும். இப்ப அற்றோணித் தத்துவத்தில் காணி பார்க்கிறவர் வாறார், ஜேசிபி வருது, ஒரு பின்னேரத்தில் வேலி, மரம், கல்லு எல்லாம் வழிச்சுத் துடைச்சு, அடுத்த கிழமை சீமெந்து மதில். வெளிநாட்டில் இருக்கிற உரிமையாளருக்கு வட்ஸ்அப்பில் படம் போகுது: "அண்ணை, காணி கிளீன்." கிளீன்தான். இனி அந்தக் காணிக்கு வரலாறு இல்லை.

ஒரு எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நியாயமானது. இந்த எல்லைகள் புனிதமானவை அல்ல. ஒல்லாந்தர் தோம்பு எழுதினது வரிக்காக, எங்கட சுகத்துக்காக இல்லை. அந்தக் காணிகளில் தலைமுறையாகக் குடியிருந்து, பனை ஏறி, தோட்டம் கொத்தின ஒடுக்கப்பட்ட சாதி மக்களின் பெயர் எத்தனை உறுதியில் இருக்கு? எல்லைக்கல் பலரை வெளியே வைத்திருந்த கல்லும்தான். சரி. ஆனால் கல்லைப் பிடுங்கினால் அந்த அநியாயம் திருந்தாது, அதற்கான அத்தாட்சிதான் அழியும். எந்த ஒழுங்கை ஆருக்கு மூடப்பட்டது, எந்தக் கிணற்றுக்கு ஆர் வரக்கூடாது, எந்த மரத்தடியில் ஆரின் குடிசை இருந்தது என்பதைக் காட்டவும் இதே அடையாளங்கள்தான் வேணும். தேசவழமைகூட நிலம் ஒருவருக்கும் அதில் நட்ட மரத்தின் பலன் இன்னொருவருக்கும் போகலாம் என்று ஏற்றுக்கொண்டது. மரத்தைப் பதிவு செய்யும்போது நட்டவரையும் பதிவு செய்வோம். காணிக்காரரிடம் மட்டும் கேட்டுவிட்டு வராமல் இருப்பதுதான் நாங்கள் செய்யவேண்டிய திருத்தம்.

என்ன செய்யலாம்? பெரிய நிதியோ திணைக்களமோ வேண்டாம். மதில் கட்ட முதல், மரம் தறிக்க முதல், ஒரு நில அளவையாளரைக் கொண்டு இருப்பதை இருப்பபடி வரைபடமாக்குங்கோ. அதுக்குக் காசில்லை என்றால் அளவுநாடா போதும். கல்லில் இருந்து கிணற்றுக்கு, கிணற்றில் இருந்து வீட்டு மூலைக்கு, வீட்டு மூலையில் இருந்து மரத்துக்கு. மூன்று தூரம் எழுதி, படம் எடுத்து, திகதி போட்டு, ரெண்டு பக்கத்து ஆக்களும் கையெழுத்து வையுங்கோ. புது உறுதி எழுதும்போது, எல்லையில் ஆளின் பெயரோடு நிற்கவேண்டாம், கல்லையும் மரத்தையும் சேர்த்து எழுதச் சொல்லி நொத்தாரிசிடம் கேளுங்கோ. எண்பது வயதுக்கு மேல் உள்ளவர்களோடு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்யுங்கோ. இதுதான் முதலில் செய்யவேண்டியது, ஏனென்றால் மரத்தைவிட அவர்களுக்குக் காலம் குறைவு.

நிலம் சாட்சி சொல்லும் என்பதை அரியாலைக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடை வேலைக்குக் கிண்டப்போன இடத்தில் என்ன வெளிவந்தது என்று உலகமே பார்த்தது. மண் மறைக்கவில்லை. மறைத்தவர்கள் மனிசர். அந்த ஊரில் இருந்துகொண்டு, சாட்சியாக நிற்கிற மரத்தையும் கல்லையும் நாங்களே ஜேசிபிக்குக் கொடுக்கிறோம் என்றால், நாளைக்கு வர்த்தமானியோடு வருகிறவனுக்கு வேலை மிச்சம்.