தள்ளுபடி யாருக்கு, தண்ணீர் யாருக்கு?

மாநகராட்சிகளின் குடிநீர்த் திட்ட அறிக்கைகளில் அண்மைக் காலமாக இரண்டு சொற்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. ஒன்று ‘ஊக்கத் தள்ளுபடி’, மற்றொன்று ‘கூட்டாண்மை’. தண்ணீரைச் சேமிக்கும் வீட்டுக்காரருக்கு வரியில் சலுகை. தண்ணீரைப் பராமரிக்க வரும் நிறுவனத்திற்குப் பொதுப்பணத்தில் பங்கு. கேட்பதற்கு இரண்டுமே நல்ல சொற்கள்தாம். ஆயினும் யார் பணம் யாரிடம் போகிறது என்று கேட்டால்தான் அவற்றின் பொருள் விளங்கும். இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு மும்பையைவிடப் பொருத்தமான நகரம் இல்லை.

மும்பை மாநகராட்சி ஏழு ஏரிகளிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 385 கோடி லிட்டர் நீரை வழங்குகிறது. துளசியும் விகாரும் நகருக்குள் உள்ளன. தான்சா, பாட்சா, வைதரணா நதியின் அணைகள் ஆகியவை ஆதிவாசிகள் வாழும் தொலைதூர வட்டாரங்களில் உள்ளன. பாட்சாவும் தான்சாவும் அமைந்த ஷகாபூர் வட்டத்தின் சிற்றூர்கள் கோடைதோறும் டேங்கர் லாரிக்குக் காத்திருக்கின்றன. அவர்களைக் கடந்து குழாய்வழி நகருக்கு வரும் நீரும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. அடுக்குமாடிவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், குடிசைவாசிக்கு 45 லிட்டர் என மாநகராட்சியின் அளவுகோலிலேயே பாகுபாடு எழுதப்பட்டிருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர மக்களில் ஐவரில் இருவருக்கு மேல் குடிசைப் பகுதிகளில் வாழ்கின்றனர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

தள்ளுபடியின் வர்க்கத் தன்மை

2019ஆம் ஆண்டு மாநகராட்சி ஒரு சலுகையை முன்வைத்தது. குப்பையைப் பிரித்து உரமாக்குதல், கழிவுநீரை மறுசுழற்சி செய்தல், மழைநீரைச் சேகரித்தல் போன்றவற்றை மேற்கொள்ளும் வீட்டுவசதிச் சங்கங்களுக்குச் சொத்துவரியில் 15 விழுக்காடு வரை தள்ளுபடி என்பதே அது. மழைநீர் சேகரிப்பு வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டர் மழை பெய்யும் நகரில் 500 சதுர மீட்டர் மொட்டைமாடி ஒன்றின் மீது மட்டும் 11 லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அதைத் தொட்டியிலும் கிணற்றிலும் சேர்த்துவைக்கும் சங்கத்தார் பாராட்டுக்குரியவர்கள்.

ஆனால், பெரிய மனைகளில் எழும் புதிய கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பை மாநகராட்சி 2002ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கிவிட்டது. சட்டப்படி செய்தே தீரவேண்டிய கடமைக்கு எதற்காகப் பொதுப்பணத்தில் பரிசு? தள்ளுபடி என்பது வராமல் போகும் வரி. ஆகவே அதுவும் மாநகராட்சியின் செலவுதான். அந்தச் செலவின் பயனைப் பெறுவதற்குச் சொந்தக் கூரை வேண்டும், வரிச்சீட்டு வேண்டும், தொட்டி கட்ட முதலீடு வேண்டும். தாராவியில் நூறு சதுர அடி அறையில் வாழும் குடும்பத்திற்கு இவற்றில் எதுவும் இல்லை. விடியுமுன் எழுந்து, குழாயில் நீர் வரும் சொற்ப நேரத்திற்குள் குடங்களை நிரப்பி, அரிசி கழுவிய நீரையும் வீணாக்காத அந்தப் பெண்ணைவிடச் சிக்கனமாகத் தண்ணீர் செலவழிப்பவர் மும்பையில் யார்? அவருக்கு என்ன தள்ளுபடி?

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. கடும் வறட்சியின்போது, 2015இல், தெற்குக் கலிபோர்னியாவின் பெருநகர நீர் வாரியம் புல்வெளிகளை அகற்றுதல் உள்ளிட்ட நீர்ச் சேமிப்பு ஊக்கத்தொகைகளுக்கென 45 கோடி டாலர் வரை ஒதுக்கியது. தொகை சில வாரங்களிலேயே தீர்ந்தது. புல்வெளி வைத்திருந்தவர்கள் பணம் பெற்றார்கள். புல்வெளியே இல்லாத வாடகைக் குடியிருப்புவாசிகளும் தண்ணீர்க் கட்டணத்தின் வழியே அதற்குப் பங்களித்தார்கள்.

தமிழ்நாட்டில் நாம் கண்ட வழி வேறு. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. சென்னையின் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்ததை மக்கள் தம் கிணறுகளிலேயே கண்டார்கள். பின்னாளில் கண்காணிப்பு தளர்ந்தது. 2019 கோடையில் சென்னை வறண்டது. சட்டமும் அதைச் செயல்படுத்தும் ஊழியர்களும் சேர்ந்தால்தான் பயன் நிலைக்கும் என்பதே இந்த இரு ஆண்டுகளும் தரும் பாடம். வசதியற்ற பழைய கட்டடங்களுக்கு உதவி தேவையெனில் தேவையை அளந்து நேரடி மானியம் தரலாம். வரியின் அளவைப் பொறுத்துப் பெருகும் சலுகை, அதிக வரி கட்டும் பெரிய சொத்துக்கே அதிகம் தரும்.

இரண்டு வகைக் கூட்டாண்மை

கூட்டாண்மை என்பதிலும் இரு வகைகள் உண்டு. செம்பூரை அடுத்த டிராம்பேயில் பொதுத்துறை நிறுவனமான ஆர்.சி.எஃப். உர ஆலை, நாளொன்றுக்கு 22.75 மில்லியன் லிட்டர் நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலையின் தேவைக்குப் பயன்படுத்தும் நிலையத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. அதே அளவிலான இரண்டாவது நிலையத்தில் பாரத் பெட்ரோலியமும் பங்கு பெறுகிறது. ஆலைகள் மறுசுழற்சி நீரில் இயங்கினால் அந்த அளவு குடிநீர் மக்களுக்கு மிஞ்சும். சென்னையிலும் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 மில்லியன் லிட்டர் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்துக் குடிநீர் வாரியம் தொழிற்சாலைகளுக்கு விற்கிறது. பொதுத்துறை பொதுத்துறையோடு கைகோப்பதும், பொது நிறுவனம் நீரை விற்று வருவாயைத் தன்னிடமே வைத்திருப்பதும் நாம் ஆதரிக்கும் கூட்டாண்மை. அதே பாரத் பெட்ரோலியத்தைத்தான் ஒன்றிய அரசு 2019இல் விற்கத் துணிந்து, வாங்குவோர் முன்வராமல் 2022இல் பின்வாங்கியது என்பதை மறக்கலாகாது.

மற்றொரு வகை, இடர் மக்களுக்கு, இலாபம் நிறுவனத்திற்கு என்பது. 2006இல் உலக வங்கி சார்ந்த நிதியுதவியுடன் அந்தேரியை உள்ளடக்கிய கே-கிழக்கு வார்டின் நீர் விநியோகத்தைத் தனியார்மயமாக்கும் ஆய்வு நடந்தது. மக்கள் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. கோவையில் 2018இல் சூயஸ் நிறுவனத்துடன் 26 ஆண்டுக்கால ஒப்பந்தம் கையெழுத்தானது. இப்போது தாராவி. 2022 நவம்பரில் ரூ.5,069 கோடி ஏலத்தில் தாராவி மறுசீரமைப்பு அதானி குழுமத்திற்குச் சென்றது; திட்ட நிறுவனத்தில் அதானிக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு. 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்தவர்களும் மேல்தளவாசிகளும் தாராவிக்கு வெளியே அனுப்பப்படுவர். நெல்லைச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டவர்களின் வழித்தோன்றல்களும் இதில் அடங்குவர். ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே உடைய அரசு, அங்கே எழும் கோபுரங்களின் நீர்ப் பங்கீட்டை எவ்வாறு நெறிப்படுத்தும்?

பணம் இருக்கிறது

நிதி இல்லை என்பதால்தான் தள்ளுபடியையும் தனியாரையும் நாடுகிறோம் என்ற வாதம் மும்பையில் எடுபடாது. 2025-26இல் மாநகராட்சியின் வரவுசெலவுத் திட்டம் ரூ.74,427 கோடி. வங்கிகளில் அதன் வைப்புத்தொகை பல பத்தாயிரம் கோடி. 2022 மார்ச்சில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தாமல், இந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை நிர்வாகி ஒருவரே முடிவு செய்துவந்தார்.

எங்கே செலவிட வேண்டும் என்பதும் தெளிவு. வழங்கப்படும் நீரில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் கசிவாலும் முறைகேட்டாலும் கணக்கில் வராமல் போகிறது. அது நாளொன்றுக்கு 96 கோடி லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் 70 லட்சம் பேருக்குப் போதும். அதில் பாதியை மீட்டாலே, லட்சக்கணக்கான மரங்களை வீழ்த்திப் பால்கர் மாவட்டத்தில் கட்ட நினைக்கும் கார்காய் அணை தரும் 44 கோடி லிட்டரைவிட அதிகம் கிடைக்கும். பழுதான குழாயை மாற்றுவதே முதல் நீர் சேமிப்பு. அதைச் செய்வதற்கு வேண்டியவர்கள் நிரந்தரத் தொழிலாளர்களும் பொறியாளர்களும்.

எனவே, நமது கோரிக்கைகள் இவை. தள்ளுபடிக்கு விட்டுக்கொடுக்கும் தொகையைக் குடிசைப் பகுதிக் குழாய் இணைப்புக்குத் திருப்புக. தாராவி உள்ளிட்ட ஏழு இடங்களில் சுமார் ரூ.17,200 கோடியில் எழும் 246 கோடி லிட்டர் கழிவுநீர் நிலையங்களின் நீரை மாநகராட்சியே தொழிற்சாலைகளுக்கும் கட்டுமானத்திற்கும் விற்று, வருவாயைக் குடிநீருக்கே ஒதுக்குக. தண்ணீர் வாழ்வுரிமையின் பகுதி என்று பானி ஹக் சமிதியின் வழக்கில் 2014 டிசம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் கூறியதையும், 2022இல் அறிவிக்கப்பட்ட ‘அனைவருக்கும் தண்ணீர்’ கொள்கையையும் ஏட்டோடு நிறுத்தாமல் நடைமுறைப்படுத்துக.

நீர்நிலை அமைப்பது ஆள்வோன் கடமை என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்தியதைப் புறநானூறு பதிவுசெய்துள்ளது. அந்தக் கடமையை நீயே செய்துகொள், வரியில் கழித்துக்கொள்கிறேன் என்று குடிமகனிடம் சொல்லும் அரசுக்கு நம் மறுமொழி, வார்டுதோறும் தண்ணீர்க் கேள்வியை மக்கள் இயக்கமாக்குவதே. மாட்டுங்காவின் நடுத்தர வர்க்கமும் தாராவியின் தொழிலாளியும் ஒரே குழாயின் இரு முனைகளில் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றுசேர்ந்து கேட்டால் எந்த நிர்வாகமும் செவிசாய்த்தே ஆகவேண்டும்.