பொறியின்மேல் பழி போடாதீர்

“எந்திரத்துக்குக் குறிப்பெழுதுவது பொறியாளர் வேலை. அதில் தமிழாசிரியனுக்கு என்ன பங்கு?” என்று நண்பர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார். அவரும் ஆசிரியரே, அதுதான் வருத்தம்.

செயற்கை நுண்ணறிவு இன்று வினாவுக்கு விடை கூறுவதோடு நிற்பதில்லை. நம் சார்பில் கோப்பைத் திறக்கிறது, மடல் அனுப்புகிறது, பயணத்துக்குப் பதிவு செய்கிறது. அவ்வாறு செயலாற்றுவதை முகவர் என்கின்றனர். முகவருக்குக் கருவிகளே கைகள். கருவியின் பெயர், அது செய்யும் பணி பற்றிய விளக்கம், அதற்குத் தரவேண்டிய விவரங்கள் ஆகிய மூன்றும் சொற்களாக முகவரின் முன் வைக்கப்படுகின்றன. அச்சொற்களைப் படித்தே எக்கருவியை எடுப்பது, எப்படிப் பயன்படுத்துவது என்று அது முடிவு செய்கிறது. 2024 நவம்பரில் ஆந்திரோபிக் நிறுவனம் இத்தகைய கருவிகளை இணைப்பதற்கான பொது நெறிமுறை ஒன்றை வெளியிட்டது; அதன்பின் பலரும் கருவி செய்யப் புகுந்தனர். செய்த கருவியைப் பற்றி நாலு வரி பிழையற எழுதத்தான் ஆளைக் காணோம்.

எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 2025 ஜூலை 8ஆம் நாள் ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு மாணவரைப் போட்டிக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. பேருந்து நிறுவனம் ஒன்றின் முகவரிடம் ‘8/7’ என்று எழுதிப் பதிவு செய்தோம். உறுதிச் சீட்டிலும் 8/7 என்றே இருந்ததால் ஐயம் எழவில்லை. அன்று காலை ஆறு மணிக்குப் பனிமூட்டத்தில் பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு நின்றனர்; பேருந்து வரவில்லை. முகவர் அதனை ஆகஸ்டு 7 என்று கொண்டிருந்தது! கருவியின் குறிப்பில் ‘தேதி’ என்னும் ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லை என்பது பின்னரே தெரிந்தது. நிறுவனத்தார் சொன்ன விடை: “எந்திரம் தவறு செய்துவிட்டது.”

எந்திரமா தவறு செய்தது? ‘ஆண்டு, திங்கள், நாள் என்னும் வரிசையில் தருக, எடுத்துக்காட்டு: 2025-07-08’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் எங்கள் பிள்ளைகள் மேடை ஏறியிருப்பர். இவ்வரிசையை அனைத்துலகத் தரமாக 1988இலேயே வகுத்துவிட்டனர்.

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று நன்னூலில் பவணந்தியார் எண்ணிக் காட்டினார். அவற்றைத் தேர்வுக்காக மனனம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ‘தேதி’ என்று மட்டும் எழுதி விட்டது குன்றக் கூறல். ‘தகவல் தேடு’, ‘விவரம் தேடு’ என இரு கருவிகளை வைத்து, இரண்டுக்கும் வேறுபாடு சொல்லாமல் விடுவது மயங்க வைத்தல். ‘பார்வையிடு’ என்று பெயர் சூட்டிவிட்டு, உள்ளே கோப்பை அழிக்கவும் செய்தால் அது மாறுகொளக் கூறல். ‘அதிநவீன, ஆற்றல்மிகு கருவி’ என்று விளம்பரம் பாடுவது வெற்றெனத் தொடுத்தல். மிகைபடக் கூறலும் இங்கே தீங்கே. முகவர் ஒரே நேரத்தில் மனத்தில் கொள்ளக்கூடிய சொற்களுக்கு வரம்பு உண்டு. குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றனவே என்பீர்கள். குன்றக் கூறல் எம்மொழியிலும் குன்றக் கூறலே.

இனி வரும் பொறிகள் அறிவு மிக்கவை, குறிப்பு எப்படி இருந்தாலும் அவை தாமே உணர்ந்துகொள்ளும் என்று வாதிடுவோர் உளர். எழுதியவர் மனத்தில் மட்டும் இருப்பதை எவ்வறிவு உணரும்? எங்கள் தேயிலைத் தோட்டங்களுக்கு வரும் பூச்சிக்கொல்லிப் புட்டிகளில் தமிழிலும் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். அதைப் படித்து ஐயம் கொள்ளும் தொழிலாளி மண்டோரைக் கேட்பார். முகவரோ பல வேளைகளில் கேளாது. ஊகித்துக்கொண்டு மேலே போகும். கேளாத வாசகனுக்கு எழுதுபவனுக்கன்றோ பொறுப்பு மிகுதி?

நெறிமுறையை வெளியிட்ட அதே நிறுவனத்தார் 2024 டிசம்பரில் தம் பட்டறிவு ஒன்றை எழுதினர். கோப்பின் முகவரியைச் சுருக்கமாகத் தர இடங்கொடுத்தபோது, வேறிடத்துக்கு நகர்ந்த முகவர் தடுமாறியது. முழு முகவரியைத்தான் தரவேண்டும் என்று கருவியை மாற்றினர்; தடுமாற்றம் நீங்கியது. வகுப்பு முழுவதும் ஒரு வினாவைத் தவறாக எழுதினால் முதலில் வினாத்தாளைப் பார் என்றுதானே ஆசிரியர் பயிற்சியில் நமக்குச் சொல்லித் தந்தார்கள்?

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ‘கதிரவன் தன் பொற்கதிர்களை’ என்று தொடங்கும் கட்டுரைக்கு மதிப்பெண் வழங்குகிறோம். ஒரு செய்முறையைப் பிறர் பின்பற்றும்படி எழுத எத்தனை பள்ளிகளில் பயிற்சி தருகிறோம்? என் பள்ளியிலும் இது தாமதமாகவே தொடங்கியது, அதை மறைக்கவில்லை.

ஆறாம் ஆண்டு மாணவரை, வாயிலிலிருந்து நூலகம் வரை வழி எழுதச் சொன்னேன். எழுதியதை மற்றொருவன் படித்து, அதன்படி மட்டுமே நடக்க வேண்டும். “சிறிது தூரம் சென்று திரும்பு” என்று ஒருவன் எழுதினான். நடந்தவன் பத்தடி சென்று, திரும்பி, வாயிலுக்கே வந்துவிட்டான். எழுதியவனுக்குச் சினம் பொங்கியது. “இதுகூடவா புரியவில்லை?” என்று கத்தினான். பேருந்து நிறுவனத்தாரின் குரல் அப்படியே என் காதில் ஒலித்தது. ஒன்றும் சொல்லாமல் தாளை அவனிடமே நீட்டினேன். சற்று நேரம் முறைத்துப் பார்த்தவன், கொடிக்கம்பத்தருகே சென்று அடிகளை எண்ணத் தொடங்கினான்.