எழுபது வயதும் மருத்துவ அட்டையும்



1985ஆம் ஆண்டு புதுவைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது முப்பது வயதில் பணியேற்றோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். காரைக்காலில் வாழும் பல்கலைக்கழக ஓய்வூதியர் பலர் கேட்கும் கேள்வி ஒன்றே: “மத்திய அரசின் முதியோர் அட்டை வந்துவிட்டது, இனித் தனியார் காப்பீட்டுக்குப் பணம் கட்டுவானேன்?”

2024 அக்டோபர் 29 முதல், எழுபது நிரம்பிய எவரும் வருவாய் வேறுபாடின்றி ஆயுஷ்மான் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை பெறலாம். கணவன் மனைவி இருவரும் எழுபதைக் கடந்திருப்பின் அத்தொகை இருவர்க்கும் பொது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் கணவருக்கு எழுபத்திரண்டு, மனைவிக்கு அறுபத்தாறு என்றால் இவ்வட்டை மனைவிக்குப் பயன்படாது! காப்பீட்டை நிறுத்தியபின் அவருக்கெனப் புதிதாக எடுத்தால், முன்பே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருக்க நேரிடலாம். தனியார் காப்பீடும் இவ்வட்டையும் சேர்ந்தே இருக்கலாம், தடையில்லை.

மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில் இருப்போர் நிலை வேறு. அவர்கள் இரண்டில் ஒன்றையே தெரிந்துகொள்ள வேண்டும். அத்திட்டம் அன்றாட மாத்திரைகளையும் தருகிறது. புதிய அட்டையோ மருத்துவமனையில் சேர்ந்தால்தான் உதவும். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர் அவசரப்பட்டு மாறுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

வயதுக்கு ஆதாரே சான்று. பள்ளியில் சேர்த்தபோது வயதைக் குறைத்துச் சொன்ன பெற்றோர் நம்மிடையே ஏராளம். ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுபது நிரம்பியிருந்தாலும், ஆதாரில் நிரம்பும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.