பதினேழாவது டேக்

‘எழுதறதைக் காலேஜில் சொல்லிக் கொடுக்க முடியுமா ஸார்?’ என்று, ஆபீஸ் லெட்ஜருக்கு அடியில் வைத்துக் கதை எழுதும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாதி முடியும் என்பது என் கட்சி.

1919-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரங்க் என்ற பேராசிரியர் எழுத்துக்கலை வகுப்பு நடத்தினார். பாடப்புத்தகம் மொத்தமே 43 பக்கம். சாராம்சம்: வேண்டாத வார்த்தையை வெட்டு. (நம்ம ஊர் சர்க்குலர் எழுதுகிறவர்கள் யாரும் அந்த வகுப்புக்குப் போனதாகத் தெரியவில்லை.) அங்கே படித்தவர் இ.பி. ஒயிட். அப்புறம் விளம்பர கம்பெனி, ‘நியூயார்க்கர்’ பத்திரிகை என்று பேனாவாலேயே பிழைத்தார். முதல் குழந்தைப் புத்தகம் 1945-ல் வந்தபோது வயது 46!

மீதிப் பாதியை மெய்ன் மாநிலத்துப் பண்ணையில் கற்றார். வளர்த்த பன்றி நோயில் விழுந்தது. விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்த்தார், ராத்திரியெல்லாம் கவலைப்பட்டார், பிழைக்கவில்லை. எப்படியும் கசாப்புக்குப் போக வேண்டிய பன்றி. அதற்கு அத்தனை துக்கம்! 1948-ல் கட்டுரையாக எழுதினார். மனசு ஆறவில்லை போலிருக்கிறது. 1952-ல் ‘ஷார்லட்ஸ் வெப்’. அதில் பன்றிக்குட்டி சாகாது. ஒரு சிலந்தி தன் வலையில் வார்த்தை நெய்து காப்பாற்றுகிறது. ஒரு சமயத்தில் ஒன்றிரண்டு வார்த்தைதான். சரியான ஸ்ட்ரங்க் சிஷ்யை!

இதற்காகச் சிலந்திகளைப் பற்றியே சுமார் ஒரு வருஷம் படித்தார் மனுஷர். 1970-ல் புத்தகத்தை அவரே வாசித்து ஒலிப்பதிவு செய்தார்கள். ஷார்லட் சாகிற இடம் வந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. பதினேழாவது டேக்கில்தான் அழாமல் படித்து முடித்தாராம்.