சட்டையும் சான்றும்



சென்ற ஆண்டு ஒரு கால்பந்து ஜெர்சி வாங்கினேன். விலை மூவாயிரம் ரூபாய். உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம் அது. வியாசர்பாடியில் பிறந்தவனுக்குக் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அன்று. படிக்க வந்த கொல்கத்தாவும் கால்பந்துக்காகச் சோறு மறக்கும் ஊர். ஊரில் பந்தாடிக்கொண்டிருக்கும் என் தம்பிக்குப் பரிசாக அனுப்பலாம் என்று ஆசைப்பட்டேன்.

“தொழில்முறைக் கழகத்தின் மிச்சச் சரக்கு, ஆட்டக்காரர் களத்தில் அணிந்தது” என்றார் விற்றவர். நற்சான்றிதழும் கொடுத்தார். அதில் வட்ட முத்திரை இருந்தது. கிறுக்கல் கையெழுத்தும் இருந்தது. நான் வேதியியல் பயில்பவன். சீட்டு ஒட்டாத புட்டியை ஆய்வுக்கூடத்தில் தொடக்கூட மாட்டேன். அப்படிப்பட்டவன் அந்தத் தாளை நம்பிவிட்டேன்!

இரவு விளக்கடியில் விரித்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, இழை பிரிந்த இடம் இல்லை. பந்தயப் படங்களைத் தேடி எடுத்து ஒப்பிட்டேன். களத்தில் ஆடியவர்களின் கையில் இருந்த போட்டிச் சின்னம் இந்தச் சட்டையில் இல்லை. கழகத்துக்காகத் தைத்தது என்பது உண்மையாக இருக்கலாம். களம் கண்டது என்பது பொய்.

மறுநாள் விடுதியில் முதலாண்டு மாணவர் ஒருவர் அதைப் பார்த்தார். “அண்ணா, அதே விலைக்கு எனக்குக் கொடுத்துவிடுங்களேன்” என்றார். உடனே மறுத்தேன் என்று எழுதினால் அது இன்னொரு போலிச் சான்றிதழாகும். ஒரு பகலும் ஓர் இரவும் யோசித்தேன். நான் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எனக்காகத் தாள் பேசும், என் பணமும் திரும்பும். மோசடி ஊர் சுற்றும் வழி எதுவென்று அன்றுதான் கண்டேன். முதலில் ஏமாற்றியவன் ஒருவன்தான். அதைக் கைமாற்றி அனுப்புகிறவர்களோ ஏமாந்த நல்லவர்கள்!

“வாங்குபவன் விழிப்பாக இருக்க வேண்டும்” என்று எல்லோரும் அறிவுரை கூறுகிறார்கள். என் கருத்து வேறு. முதற்பொறுப்பு விற்கும் கழகத்தையே சாரும். சட்டை உடலை விட்டுக் கழலும் நேரத்தில் எழுதாத உண்மையைப் பின்னர் எவராலும் முழுமையாக எழுத முடியாது.

அமெரிக்காவைப் பாருங்கள். 1990களின் இறுதியில் அந்நாட்டு எப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கூட்டம் ஒன்றைப் பிடித்தது. விளையாட்டு வீரர்களின் கையெழுத்தோடு அவர்கள் நிற்கவில்லை. நம் கொல்கத்தாவின் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகப் பேஸ்பால் பந்துகளையும் செய்தார்கள்! பந்து போலி, அதற்கு வாய்த்த சான்றிதழும் போலி. தாளுக்குத் தாள் சாட்சி என்றால் முடிவு இதுதான்.

அதிலிருந்து பாடம் கற்ற மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2001இல் ஒரு முறையைத் தொடங்கியது. ஒவ்வோர் ஆட்டத்திலும் சரிபார்ப்பாளர் ஒருவர் இருப்பார். காவல்துறையில் பணியாற்றுபவரோ பணியாற்றி ஓய்ந்தவரோ அந்த வேலைக்கு வருவார். அவர் கண்ணெதிரே களத்திலிருந்து வந்த பொருளுக்கு மட்டுமே எண்ணிட்ட ஹாலோகிராம் முத்திரை ஒட்டுவார். அந்த எண்ணைக் கொண்டு பொருளின் வரலாற்றை யாரும் சரிபார்க்கலாம். கூட்டத்துக்குள் விழுந்த பந்தை ஒருவர் எடுத்து வந்து “இதுதான் அது” என்று சத்தியம் செய்தாலும், கண்காணிப்பு விட்டுப்போனதால் முத்திரை கிடைப்பது அரிது. கடுமைதான்; ஆனால் அந்தக் கடுமையில்தான் மதிப்பு இருக்கிறது.

பிற்பாடு ஆராய்ந்து கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்கலாம். சில வேளை முடியும். 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அணிந்த நீலச் சட்டை 2022இல் இலண்டனில் 71 இலட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போனது. “இது முதற்பாதியில் அணிந்தது, கோல் அடித்தபோது அணிந்தது அன்று” என்று அவர் குடும்பத்தார் கூறினர். ஏல நிறுவனமோ பந்தயப் படங்களோடு நுணுக்கமாக ஒப்பிட்டு, இரண்டாம் பாதிச் சட்டையே என்று உறுதி கூறியது. அந்தச் சட்டைகள் மெக்சிகோ நகரில் கடையில் வாங்கி, சின்னமும் எண்ணும் அவசரமாகப் பொருத்தியவை. அதனால் ஒன்றைப்போல் இன்னொன்று இராது. இன்றைய ஆலைச் சட்டைகள் நூறும் ஓர் அச்சு. அணியாமல் மடித்து வைத்த மிச்சச் சட்டைக்கு எந்தப் படத்தை ஒப்பிடுவது?

ஆகவே மிச்சச் சரக்கை விற்கும் கழகங்களுக்கு நான் சொல்வது இவை. சட்டைகளை மூன்றாகப் பிரியுங்கள்: களத்தில் அணிந்தவை, ஆட்டக்காரருக்கு அளித்தும் அணியாதவை, கடைக்கென்றே செய்தவை. ஒன்றின் பெயரை மற்றொன்றுக்குச் சூட்டாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறையிலேயே எண்ணிட்டுப் பதிவு செய்யுங்கள். விற்பனையில் பங்கில்லாத ஒருவர் அதை எழுதட்டும். முத்திரையைத் தாளில் ஒட்டாமல் துணியில் பதியுங்கள்; பிரித்தால் கிழிவதாக அது இருக்கட்டும். நல்ல சட்டையை வாங்கிக்கொண்டு போலியைத் திருப்பித் தரும் கள்ள வாடிக்கையாளரிடமிருந்தும் அதுவே கழகத்தைக் காக்கும். எத்தனை விற்றீர்கள் என்பதையும் எண்களோடு வெளியிடுங்கள். பத்தே விற்றதாக ஊரறிந்தால் பதினோராவது தானே அகப்படும்.

“இவ்வளவும் செய்தால் செலவாகுமே” என்பார்கள். ஆகும். செய்யாவிட்டாலும் செலவு உண்டு. அதைக் கழகம் கொடுப்பதில்லை. என்னைப்போல் மிச்சம் பிடிப்பவன் கொடுக்கிறான்.

இனி என் சட்டையின் கதை. சான்றிதழைக் கிழித்தேன். சட்டையின் உள்மடிப்பில் அழியாத மையால், “ஆட்டக்காரர் எவரும் அணியாதது” என்று எழுதினேன். முதலாண்டு நண்பரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். மூவாயிரம் போனது போனதுதான். சட்டையைத் தம்பிக்கு அனுப்பி உண்மையையும் எழுதினேன். அவன் அதைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. மாலைதோறும் போட்டுக்கொண்டு ஆடுகிறானாம். முழங்கைப் பக்கம் ஏற்கெனவே கிழிந்துவிட்டது என்று அம்மா தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார். என் மை எழுத்தை இனி அடித்துத் திருத்த வேண்டியதுதான்!