காத்திருத்தலும் நம்பிக்கையும்

துன்பக் காலத்தில் கடவுளை நோக்கிக் காத்திருத்தல் வேண்டும் எனப் பெரியோர் கூறக் கேட்கின்றோம். அக்காத்திருத்தல்தான் யாது? வாய் திறவாதிருத்தலோ? கைகட்டி வாளாவிருத்தலோ? இரண்டும் அன்று என்பதே எமது துணிபு.

சென்னையினின்று அரக்கோணஞ் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூருக்கு அப்பால் உள்ளது திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் இறுதியில் வந்தடைந்த தலம் அதுவே எனச் சேக்கிழாரின் பெரியபுராணம் கூறுகின்றது. கணவன் அஞ்சி நீங்கிப் பாண்டிநாட்டில் வேறு மணம் புரிந்தான். அம்மையார் இல்வாழ்வை இழந்தார். அவர் பதிகங்கள் காட்டும் ஆலங்காடோ பேயும் நரியும் உலவும் சுடுகாடு. இடம் இனியதாகட்டும் என்று அவர் பாட்டை நிறுத்தி வைத்திலர்.

அவரது அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களை உடையது. முதற் பாட்டு, பேசக் கற்ற நாள்முதல் அன்பு செய்துவருந் தமது துயர் என்று தீரும் எனக் கேட்கின்றது. அடுத்த பாட்டோ, இறைவன் அதனைப் போக்காது விடினும் தம் அன்பு மாறாது என்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையே விடை ஏதும் வரவில்லை. ஆயினும் மேலும் 99 வெண்பாக்கள் தொடர்கின்றன.

விவிலியம் பயின்ற மாணவர்க்கு இம்முறை புதிதன்று. ஆபகூக் தீர்க்கதரிசியின் நூல் மூன்றே அதிகாரங்களை உடையது. இன்னும் எத்தனை காலம் என்னும் முறையீட்டோடு தொடங்கும் அந்நூல், மரமும் வயலும் தொழுவமும் வெறுமையானாலும் தேவனிடத்து மகிழ்ச்சி குன்றாது என்னும் உறுதியோடு முடிகின்றது. நாடும் சமயமும் வேறு. இரண்டும் ஒன்றென யாம் சொல்லவில்லை. துன்புற்ற நெஞ்சம் சென்ற வழி ஒன்றாக இருத்தலையே காட்டுகின்றோம்.

ஆதலின் 'என்று தீரும்?' என வினவுதல் நம்பிக்கைக் குறைவு ஆகாது. விடை வந்தால் அன்பு, வாராவிடின் வெறுப்பு என்பதே குறை; அது வாணிகம். வணிகர் குலத்துதித்த அம்மையார் கடவுளிடம் வாணிகம் செய்திலர்.

தேர்வில் தவறியவரும், வேலை கிட்டாதவரும், வீட்டில் நோயுற்றாரைப் பேணுவோரும் நம்மிடையே உளர். அவர்களை நோக்கிப் 'பொறுத்திரு' என்று சொல்லி அகலுதல் எளிது. அவர்கள் கேள்வியைச் செவிமடுத்து உடனிருத்தல் அரிது. அவ்வரிய பணியே நமக்கு உரியது. கேட்போம், கேட்டுக்கொண்டே இன்றைய கடமையைச் செய்வோம். அதுவே காத்திருத்தல்.