திறனே முதல்

சிறுதொழில்கள் நலிவதற்கு முதலின்மையே காரணமெனக் கூறுவோர் நம்மிடையே பலர். முதல் வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும், ஒரே ஊரில் ஒரே அளவு கடன் பெற்றுத் தொடங்கிய இரு பட்டறைகளுள் ஒன்று வளரவும் மற்றொன்று மூடப்படவும் காண்கின்றோமே, அஃது எதனால்? பெருந்தொழிற்சாலையிற் கணக்கிற்கு ஒருவர், கொள்வனவிற்கு ஒருவர், விற்பனைக்கு ஒருவர் உளர். சிறுதொழிலிலோ இவை யாவும் உடையவர் ஒருவர் தலைமேலேயே உள்ளன. ஆதலின் அவரது திறனின் எல்லையே தொழிலின் எல்லையாகின்றது.

வள்ளுவர் அரசியலில் வகுத்த வலியறிதல், காலமறிதல், தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரங்கள் தொழில் நடத்துவோர்க்கும் பொருந்துவன. நல்லெண்ணெய் ஆலையொன்றை எடுத்துக்கொள்வோம். எள்ளின் விலையையும் மின்சாரச் செலவையும் மட்டுங் கூட்டி விலை குறிப்பவர், தம் உழைப்பிற்குரிய கூலியையும் பொறியின் தேய்மானத்தையும் மறந்துவிடுகின்றார். இலாபமென எண்ணி முதலையே உண்கின்றார். இது வலியறியாமை. அறுவடைக் காலத்தில் எள் மலிந்திருக்க வாங்காது, விலையேறியபின் தேடியலைவது காலமறியாமை. போத்தல் கழுவுவது முதற் பிண்ணாக்கு விற்பது வரை யாவற்றையுந் தாமே செய்து, பிறர் ஒருவரையும் பழக்காதிருப்பது வினையை ஒப்படைக்க அறியாமை. அவர் நோயுற்றுப் படுத்தால் ஆலையும் படுத்துவிடும்.

போரையும் பொருளாதாரத் தடையையும் எத்திறன் வெல்லும் எனச் சிலர் வினவலாம். உண்மையே. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் ஓய்ந்தமை நடத்தியோரின் திறமைக் குறைவாலன்று. ஆனால் எல்லா இடரும் அத்தகையனவல்ல. 2022இல் ஏறத்தாழ 200 ரூபாயாயிருந்த டொலர், சில மாதங்களுள் 360 ரூபாயளவிற்கு உயர்ந்தது. மூலப்பொருள்களின் விலையும் உடன் ஏறிற்று. அடக்கவிலையைக் கணக்கிட அறியாதவர், பழைய விலைக்கு விற்ற ஒவ்வொரு பொருளோடும் தம் முதலின் ஒரு பகுதியையும் கொடுத்தனுப்பினார்.

இத்திறன்கள் பிறவியில் வருவனவல்ல, கற்பிக்கக் கூடியவை. நம் மாணவர் வரவு செலவைப் பாடநூலிற் பயில்கின்றனர். பட்டறையொன்றின் கணக்கேட்டைக் கண்டவர் மிகச் சிலரே. உத்தியோகத்தையே உயர்வெனக் கருதும் நாமும் அவர்க்கு அதனைக் காட்டினோமில்லை. தொழில் நடத்தும் பழைய மாணவர்களே! இந்நிறைவிழா ஆண்டில் நன்கொடையோடு அமையாது, உங்கள் கணக்கேட்டுடன் வகுப்பறைக்கு வாருங்கள். ஈட்டியதை மட்டுமன்றி இழந்ததையும், அஃது ஏன் நேர்ந்தது என்பதையும் எம் மாணவர்க்கு எடுத்துக் கூறுங்கள்.